கத்திரி வெயிலில் நடந்த ஜனாதிபதி

எங்கள் வீட்டில் எட்டு வருஷமாக மூன்று பேர் குடித்தனம் நடத்தினோம். நான், என் வீட்டுக்காரர், அப்புறம் தென் அமெரிக்காவில் ஒரு மலைநாட்டின் முன்னாள் ஜனாதிபதி. அந்த நாட்டின் பெயரையும் அவருடைய பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால், என் வீட்டுக்காரர் எழுதியதில் இன்னும் எத்தனை தப்பு இருக்கிறது என்று தோண்ட யாராவது கிளம்பிவிடுவார்கள். ஒரே ஒரு தப்புக்கு நான் பட்டதே ஏழு ஜென்மத்துக்குப் போதும்.

காலையில் காப்பி கொடுத்தால், "அவரு சக்கரையே தொட மாட்டாராம், தெரியுமா?" என்பார். சரி, நீங்களும் தொடாதீர்கள் என்றால் முகம் சுண்டிப்போகும். கரண்ட் போனால், "அவரு ஊருக்கு அவரு ஜனாதிபதி ஆன பொறவுதான் கரண்டே வந்துச்சு" என்று இருட்டில் உட்கார்ந்து சொல்வார். பக்கத்துக் காட்டுக்காரனோடு வரப்புத் தகராறு வந்தால், அந்த மனுஷன் இதை எப்படித் தீர்த்துவைத்திருப்பார் என்று அரை மணி நேரப் பிரசங்கம். வரப்பு என்னவோ நகர்ந்தது நகர்ந்ததுதான்.

இத்தனைக்கும் காரணம் ஒரு போண்டா. திருமானூரில் இருக்கும் அவருடைய தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பெரம்பலூர் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தோம். சிமெண்டு லாரிப் புழுதியில் எனக்குத் தும்மல் நிற்கவில்லை. சர்க்கரை வியாதிக்காரர், வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல இரண்டு போண்டா வாங்கி வந்தார். அதைக் கட்டிக்கொடுத்த வாரப் பத்திரிகைத் தாளில்தான் அந்த ஆள் இருந்தார். மக்காச்சோளக் காட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பயிரின் குருத்தை இரண்டு விரலால் பிரித்து உள்ளே பார்க்கிற படம். பதவி போனபின் விவசாயம் பார்க்கும் முன்னாள் ஜனாதிபதி என்று கீழே நாலு வரி.

அந்த வருஷம்தான் எங்கள் பக்கம் படைப்புழு இறங்கி, செட்டிகுளத்தைச் சுற்றிப் பச்சை என்று ஒன்றை விட்டுவைக்காமல் தின்றது. எங்கள் மூன்று ஏக்கர் மக்காச்சோளமும் போயிற்று. வேளாண்மை ஆபீசர் வந்து, இது அமெரிக்காக் கண்டத்துப் புழு, அங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"இந்தா, இத பாரேன்" என்று எண்ணெய்த் தாளை என் மூக்குக்கு நேராக நீட்டினார். "ஜனாதிபதியா இருந்த மனுசன், குருத்தப் பிரிச்சுப் புழு பாக்குறாரு. அவரு வெரலு வச்சிருக்கிற எடத்தப் பாரு. இது போட்டோவுக்காக உக்காந்ததில்ல. நெசமான வெள்ளாமக்காரன்."

"பஸ் வந்துருச்சு, எந்திரிங்க" என்றேன்.

அந்தத் தாள் வீட்டுக்கு வந்து பீரோவில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் ஏறியது. முதலில், அந்த ஊரில் புழுவுக்கு என்ன மருந்து அடிக்கிறார்கள் என்றுதான் கேட்டார். அப்போது நான் இன்னும் வேலையில் இருந்தேன். அரசுப் பள்ளியில் புவியியல். செல்போனில் இங்கிலீஷில் தேடிப் பார்த்துத் தமிழில் சொல்ல என்னை விட்டால் அவருக்கு யார்? மருந்தைச் சொன்னேன். அப்புறம், அந்த ஆள் எந்த ஊர் என்றார். சொன்னேன். அப்பா என்ன வேலை என்றார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்; நான் அள்ளி அள்ளிப் போட்டேன், அவர் நோட்டு நோட்டாக எழுத ஆரம்பித்துவிட்டார்.

அந்த வாழ்க்கையை இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மழையை நம்பி மக்காச்சோளம் போடும் குடும்பத்தில் ஏழாவது பிள்ளை. படிப்பு ஆறாவதோடு நின்றது. சுண்ணாம்புக் குவாரியில் கல் உடைத்தார். குவாரிக்காரர்கள் ஆற்றைத் திருப்பிவிட்டபோது, விவசாயிகளைத் திரட்டிப் பன்னிரண்டு நாள் தலைநகரத்துக்கு நடந்தார். அதற்கு ஜெயில். அரைகுறையாக இருந்த எழுத்தையும் படிப்பையும் ஜெயிலில்தான் திருத்திக்கொண்டார். வெளியே வந்து எம்.பி., அப்புறம் ஜனாதிபதி, அப்புறம் இன்னொரு தடவையும் ஜனாதிபதி. மூன்றாவது தடவை தோற்றதும் ஒரே ஒரு பெட்டியோடு பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்துவிட்டார்.

அந்த ஆளிடம் எனக்கும் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை ஆட்சியில் இருந்தபோது வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர்கள் மேல் போலீசை ஏவினார். அதை நானேதான் படித்துச் சொன்னேன். வீட்டுக்காரர் கேட்காத மாதிரி கொய்யா மரத்தைப் பார்த்தார்.

"இத எழுதுங்க" என்றேன்.

"எழுதலாம், எழுதலாம்."

"எப்ப? நானும் ஸ்ட்ரைக்குல கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உக்காந்தவதான். உங்க ஆளு அங்க இருந்திருந்தா என் மண்டையத்தான் ஒடைச்சிருப்பாரு."

"உன் மண்டைய யாராலயும் ஒடைக்க முடியாது டீச்சரம்மா" என்றார். கடைசியில் அரைப் பக்கம் எழுதினார். அதிலும், 'தவறு செய்யாத மனிதர் யார்' என்று ஆரம்பித்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் அந்த நடைப்பயண அத்தியாயத்தை மட்டும் அவர் சொல்லச் சொல்ல நான் லேப்டாப்பில் அடித்தபோது, வாயை மூடிக்கொண்டு அடித்தேன். அதற்குள் நான் ஓய்வு பெற்றிருந்தேன். அவருக்கு வலது கண் சர்க்கரையில் போயிருந்தது. இடது கண்ணால் பெரிய எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். நான் படித்துச் சொன்னதில் இருந்தது இரண்டே வரி: மே மாதம், பன்னிரண்டு நாள், ஆயிரக்கணக்கான விவசாயிகள் தலைநகரத்துக்கு நடந்தார்கள். அந்த இரண்டு வரியை அவர் முப்பது பக்கம் ஆக்கியிருந்தார்.

கத்திரி வெயில். தார் உருகி உள்ளங்காலில் ஒட்டுகிறது. செருப்பு அறுந்தவர்கள் ரோட்டோரப் புல்லில் கால் வைத்து வைத்துத் தாவுகிறார்கள். கானல் ஆடுகிறது. மூன்றாம் நாள் ஒரு வேப்ப மரத்தடியில் மோர்ப் பந்தல். ஒரு பெண்பிள்ளை, முகத்தைக்கூடப் பார்க்காமல், நீட்டிய கையில் எல்லாம் மோர் ஊற்றுகிறாள். ஜனாதிபதி, அப்போது வெறும் குவாரிக் கூலி, குடித்துவிட்டு மீதி மோரைக் கொப்புளம் வெடித்த தன் காலில் ஊற்றிக்கொண்டு அழுகிறார்.

அந்த இடத்தில் இவரும் அழுதார். எனக்குத் தெரியும், அது யார் கால் என்று. படைப்புழுவுக்கு நிவாரணம் கேட்டு, அடுத்த மே மாதம் எங்கள் ஊர்க்காரர்கள் பெரம்பலூர் கலெக்டர் ஆபீசுக்கு நடந்தார்கள். இவர் போகக் கூடாது என்று நான் கத்தினேன். சர்க்கரைக்காரர், காலில் உணர்ச்சி குறைய ஆரம்பித்த நேரம். போனார். கொப்புளம் வெடித்தது தெரியாமலே நடந்து, ரத்தக் காலோடு வந்தார். அந்தப் புண் ஆற ஐந்து மாதம். யாரோ ஒரு அம்மாள் ஊற்றிய மோரைப் பற்றித்தான் வந்ததிலிருந்து பேசினார். அந்த மோரைத் தென் அமெரிக்கா வரைக்கும் கொண்டுபோவார் என்று நான் கண்டேனா?

போன வருஷக் கடைசியில் திருச்சி ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் இடது கண்ணையும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, ஜவ்வு வளர்ந்து விழித்திரையை இழுக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார். மூன்று வாரத்தில் ஒரு நாள் குறித்தார்.

"பண்ணினா நல்லா தெரியுமா சார்?" என்று இவர் கேட்டார்.

"இருக்கிறத காப்பாத்தலாம். அதுக்கு மேல உறுதி சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்தார். இவர் பொது இடத்தில் என் கையைப் பிடித்ததே கல்யாணத்தன்றுதான். "ஆபரேசனுக்கு முன்னால பொஸ்தகத்த என் கண்ணால ஒரு தடவ பாத்துடணும். அப்புறம் என்ன ஆனாலும் சரி" என்றார். அழுதுவிடுவேனோ என்ற எரிச்சலில், "ஒண்ணும் ஆகாது, சும்மா இருங்க" என்று கையை உதறினேன்.

பெரம்பலூரில் என்னிடம் படித்தவன் ஒருவன் அச்சகம் வைத்திருக்கிறான். தலை நரைத்துவிட்டது, இன்னும் என்னைக் கண்டால் எழுந்து நிற்பான். மூன்று வாரத்துக்குள் புத்தகம் வேண்டும் என்றேன். சரி டீச்சர் என்று மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிட்டு இறங்கினான். நான் பிழை திருத்தினேன். ஒற்று, சந்தி, கால், கொம்பு, ஒன்றையும் விடவில்லை. முப்பத்தொரு வருஷம் சிவப்பு மை பிடித்த கை இது.

ஆபரேஷனுக்கு எட்டு நாள் இருக்கும்போது அவன் கூப்பிட்டான். அட்டைக்குப் படம் வேண்டுமாம். பெங்களூரில் இருக்கும் மகளிடம் சொன்னேன்; அவள் இணையத்தில் எங்கேயோ தேடி, அந்த நடைப்பயணத்தின் பழைய போட்டோ ஒன்றை நேராக அவனுக்கே அனுப்பிவிட்டாள். மறுநாள் அச்சகத்துக்குப் போனேன். கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தான்.

"ஏன் டீச்சர், கத்திரி வெயில்னு எழுதியிருக்கு. இவங்க எல்லாம் கம்பளி போத்தியிருக்காங்களே?"

பார்த்தேன். வரிசையாக மனிதர்கள். கம்பளி, காதை மூடிய குல்லாய். வாயிலிருந்து புகை. ரோட்டின் ஓரத்தில் வெள்ளையாக உறைபனி.

"பீடி குடிக்கிறாங்களோன்னு நெனச்சேன்" என்றான். "அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு. நீங்கதான டீச்சர் ஏழாவதுல ஆரஞ்சுப் பழத்தையும் டார்ச் லைட்டையும் வச்சு நடத்துனீங்க? நமக்குக் கோடைன்னா தெற்க இருக்கிறவங்களுக்குக் குளிர்காலம்னு. நான் தப்பா சொல்லி முட்டி போட்டது இந்தக் கேள்விக்குத்தான்."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். முப்பத்தொரு வருஷம் எத்தனை ஆரஞ்சுப் பழம்! மே மாதம் என்று இங்கிலீஷிலிருந்து படித்துச் சொன்னது நான். கத்திரி வெயில் என்று அவர் சொன்னதும் தட்டச்சு அடித்தது நான். மூன்று தடவை பிழை திருத்தி, கத்திரிக்கும் வெயிலுக்கும் நடுவில் ஒற்று வருமா வராதா என்று பார்த்ததும் நான். மே என்றால் பள்ளிக்கூடத்துக்கு லீவு, மே என்றால் கத்திரி. அதற்கு மேல் என் மண்டையும் நகரவில்லை. அவராவது படிக்காத மனுஷன். எனக்கு என்ன கேடு?

"யானைக்கும் அடி சறுக்கும் டீச்சர்" என்றான், என் முகத்தைப் பார்த்துவிட்டு. "அப்புடியே விட்டுருவோம். அட்டைக்கு வேற படம் போடுறேன். நம்ம ஊருல இத யாரு பாக்கப் போறா? ரெண்டு நாள்ல அச்சும் பைண்டிங்கும் முடிச்சுக் குடுத்துடுறேன், சாரு ஆபரேசனுக்கு முன்னால பாத்துடட்டும்."

அவன் சொன்னது நியாயம். செட்டிகுளம் பஸ்ஸில் வரும் வழி முழுக்க அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். வாயைத் திறக்காதே. ரெண்டே நாள். அந்த மனுஷன் தன் கண்ணால் பார்த்துவிடட்டும். அப்புறம் ஆபரேஷன். அப்புறம் வேண்டுமானால் சொல், இரண்டாம் பதிப்பு போடு, என்ன வேண்டுமானாலும் செய். ஊர் வந்து இறங்கும்போது எனக்குள் நல்ல தீர்மானமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். பொடியில் நல்லெண்ணெயைக் கவிழ்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "அந்த நடைப்பயணத்த எழுதும்போது நீகூட ஒண்ணும் சொல்லல பாத்தியா? எல்லாத்துக்கும் நொட்டை சொல்லுறவ. நீ பாடம் நடத்துன நாட்ட நான் கண்ணால பாத்த மாதிரி எழுதிப்புட்டேன். ஒத்துக்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளைக்காவது அறிவு கிடையாது, எனக்கு?

"பெரிய கண்ணால பாத்தீங்க! உங்க ஆளு கம்பளியப் போத்திக்கிட்டுக் குளிர்ல நடந்திருக்காரு. மே மாசம் அங்க குளிர்காலம்!" என்று கத்தினேன். கரண்டியைக் கீழே வைத்தேன். சொன்னதைத் திரும்ப எடுக்க வழி உண்டா என்று பார்த்தேன். இல்லை.

அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். "அப்ப வெயிலே இல்லையா?" என்றார். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "தாரு உருகலையா?" என்றார். அப்புறம், "மோர்ப் பந்தலு?"

"குளிர்ல எவ மோர் ஊத்துவா?"

கை கழுவினார். "மாத்தணும்" என்றார்.

"மாத்தலாம், ஆபரேசன் முடியட்டும்."

"ஜெயிலுக்குப் போன மனுசன் பேருல பொய் எழுதக் கூடாது. மாத்திட்டுத்தான் அச்சு."

அடுத்த நாள் மத்தியானம் கொல்லைப் பக்கம் போனால், துணி ஊறவைக்கிற டப்பில் தண்ணீர். அதில் ஃப்ரிட்ஜிலிருந்த ஐஸ் எல்லாம், போதாததற்கு ஜூஸ் கடையிலிருந்து ஒரு கட்டி. வேட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு காலையும் உள்ளே விட்டு உட்கார்ந்திருந்தார். என் உயிரே போய்விட்டது.

"ஏங்க! சக்கரைக் காலு! வெரல எடுத்துருவாங்க! எடுங்க வெளிய!"

"ஒண்ணுமே தெரிய மாட்டேங்குதுடி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "குளிர்ல நடந்தா காலு எப்புடி இருக்கும்னு தெரிஞ்சாத்தான எழுத முடியும்? வெயிலு எனக்குத் தெரியும். குளிரு தெரியல."

காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். துண்டால் துடைத்து, ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன். வாய் நிற்காமல் திட்டிக்கொண்டே இருந்தேன். அப்புறம் என்ன பேய் பிடித்ததோ, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் காலை டப்பில் விட்டேன்.

"சொல்லு, சொல்லு" என்றார்.

"முள்ளாட்டம் குத்துது. இப்ப குத்துறது நின்னுருச்சு. எரியுது."

"எரியுதா? குளிருல எரியுமா?"

"எரியுதுங்கறேன். எலும்புக்குள்ள வலிக்குது. இப்ப சுண்டுவிரலு என்னுது இல்லாத மாதிரி இருக்கு. போதுமா?"

"இன்னங் கொஞ்ச நேரம் இரேன்" என்றார் அந்தப் புண்ணியவான். நான் இருந்தேன்.

அந்த அத்தியாயத்தில் இப்போது இருக்கும் குளிர் என் காலுடையது. முப்பது பக்கத்தையும் வரி வரியாக மாற்றினார். தார் போய் உறைந்த மண் வந்தது. வேப்ப மரம் போயிற்று. மோர்ப் பந்தல் இருந்த இடத்தில் ஒரு பெண்பிள்ளை கொதிக்கிற சோளக் கஞ்சியை ஊற்றுகிறாள். காலையில் ஒரு தடவை சொல்வார், மாலையில் அதை எடுத்துவிடு என்பார், மறுநாள் பழையபடி வை என்பார். இதற்கு நடுவில், "ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சு, டாக்டரு வெளியூரு போறாராம், அடுத்த மாசம் வரச் சொல்லிட்டாங்க" என்றார்.

நான் நம்பினேன். முப்பத்தொரு வருஷம் பிள்ளைகள் சொன்ன பொய்யை எல்லாம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவள் நான். இதை மட்டும் கண்டுபிடிக்கவில்லை. ஒருவேளை, புத்தகம் முடியட்டும் என்று எனக்கும் இருந்ததோ என்னவோ. அதை நினைத்தால் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

கடைசிப் பக்கத்தை அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் காலை, கண்ணாடியைத் துடைத்துக் கொடு என்றார். துடைத்துக் கொடுத்தேன். இன்னும் அழுக்காக இருக்கிறது, மேலே கறுப்பாக இருக்கிறது என்றார். மறுபடியும் துடைத்தேன். இன்னும் இருக்கிறது என்றார். "எத்தன தடவதான் தொடைக்கிறது? எனக்கு வேற வேல இல்லையா?" என்று முந்தானையால் அழுத்தித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

அன்றே திருச்சி. டாக்டர் பரிசோதித்துவிட்டுக் கருவியைத் தள்ளிவைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஜொரம் எல்லாம் சரியாயிடுச்சாம்மா உங்களுக்கு?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. டாக்டரே சொன்னார்: "உங்களுக்கு நிமோனியா, எழுந்திரிக்கவே முடியல, பாத்துக்க ஆளில்ல, அதனால தள்ளிப் போடுங்கன்னு சார் போன் பண்ணினாரே?"

இவர் பக்கம் திரும்பினேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் அவருக்குத் தெரிந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. விழித்திரை பிய்ந்துவிட்டது என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்தார்கள். வெளிச்சம் தெரிகிறது. ஆள் குறுக்கே போனால் நிழல் தெரிகிறது. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபின் மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. மாத்திரையைக் கையில் வைப்பேன், தண்ணீரை வைப்பேன், போய்விடுவேன். நாலாம் நாள் அடக்க முடியவில்லை.

"அன்னிக்கு நான் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா, ரெண்டு நாள்ல பொஸ்தகம் வந்திருக்கும். பாத்துட்டு ஆபரேசனுக்குப் போயிருப்பீங்க" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"தப்பான பொஸ்தகத்தப் பாத்து என்ன பண்ணுறது?" என்றார். அதோடு நிறுத்தினாரா? "அவரா இருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பாரு" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்து வீசினேன். சுவரில்தான். "அவரு கண்ணு நல்லாத்தான் இருக்கு! போன மாசம்கூட டி.வி.யில வந்தாரு!" என்று கத்தினேன்.

"வந்தாரா? என்ன சொன்னாரு?" என்றார் ஆவலாக. இந்த மனுஷனை என்ன செய்வது, சொல்லுங்கள்.

பத்து நாள் முன்னால் புத்தகம் வந்தது. அச்சகக்காரன் தானே கொண்டுவந்து அவர் மடியில் வைத்தான். அவர் முகர்ந்து பார்த்தார். அட்டையைத் தடவினார். தன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைக்கச் சொன்னார். முதல் பக்கத்திலிருந்து படி என்றார். தினமும் சாயங்காலம் படித்தேன். குவாரி, ஆறு. நேற்று நடைப்பயணம்.

முகத்தை ஃபேன் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். குளிரில் கால் எரிகிற இடம் வந்ததும் சிரித்தார். "டப்பு" என்றார். நானும் சிரித்தேன். பக்கத்தைத் திருப்பினேன்.

மூன்றாம் நாள் நடை. பத்தியின் நடுவில், நான் முன்னூறு தடவை பார்த்திருக்க வேண்டிய இடத்தில், அச்சடித்து உட்கார்ந்திருந்தது அந்த வரி: 'தார் உருகி உள்ளங்காலில் ஒட்டியது.' பழைய வரி. எத்தனையோ மாற்றி மாற்றி அடித்ததில் எப்படியோ தங்கிவிட்டது. புத்தகம் முழுக்க அடித்தாயிற்று, கட்டுக் கட்டாகக் கூடத்தில் இருக்கிறது. இதற்காகத்தான் அந்த ஒரு மாதம் போயிற்று.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார்.

என் வாய் என்னைக் கேட்காமல் திறப்பது எனக்குத் தெரியும். அது திறந்தது. "எச்சி முழுங்கினேன்" என்றேன். விரலை அந்த வரியின் மேல் வைத்து மூடிக்கொண்டு, "மண் உறைந்து உள்ளங்காலில் குத்தியது" என்று படித்தேன்.

"சரியா வந்திருக்கு" என்றார் அவர். "மேல படி."